ராத்திரி முழுக்கக் குரைக்கிறதே, டாக்டரம்மா!

இந்த முறை வந்த கடிதங்களில் நான்கு, பெரிய சடை நாய்களைப் பற்றியவை. மன்னார்குடிப் பக்கம் முப்பத்தோரு வருடம் கால்நடை மருத்துவராக வேலை பார்த்தவள் நான். அதில் பத்து வருடம் என் வீட்டிலேயே ஒரு கிரேட் பிரனீஸ் இருந்தது. பஞ்சு என்று பெயர். அதனால் இந்தக் கடிதங்களுக்கு மட்டும் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். முதல் கடிதம் இது.

என் மகன் பெங்களூரில் ஆசையாக வாங்கிய கிரேட் பிரனீஸ் நாயை, வெளிநாடு போகும்போது எங்களிடம் விட்டுவிட்டான். ஒன்றரை வயது, 46 கிலோ. பகலெல்லாம் மூச்சிரைத்துக்கொண்டு படுத்திருக்கிறது. ராத்திரி பத்து மணிக்குக் குரைக்க ஆரம்பித்தால் விடியும்வரை ஓய்வதில்லை. பக்கத்து வீட்டில் சண்டைக்கே வந்துவிட்டார்கள். வெயிலுக்கு முடியை ஒட்ட வெட்டிவிடச் சொல்கிறார்கள். வெட்டலாமா?
— வலங்கைமான் வாசகி

முடியை வெட்டாதீர்கள் அம்மா. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். இந்த நாய்க்கு இரண்டு அடுக்கு முடி. மேலே நீளமானது, உள்ளே பஞ்சு. மேல்முடிதான் வெயில் நேராகத் தோலில் படாமல் காக்கிறது. ஒட்ட வெட்டினால் வெள்ளை நாயின் இளஞ்சிவப்புத் தோல் வெந்துபோகும். வெட்டிய முடி சில நாய்களுக்குத் திட்டுத்திட்டாகத்தான் திரும்ப வளரும். எடுக்கவேண்டியது உள்பஞ்சை. வாரம் இரண்டு முறை, அகலப் பல் சீப்பால், முடியை விரலால் வகிடு பிரித்துத் தோல் தெரிகிறவரை சீவுங்கள். பங்குனி மாதத்தில் பஞ்சுவைச் சீவினால் ஒரு உட்காரலிலேயே பாதி சாக்கு நிறையும். அவ்வளவு பஞ்சும் உள்ளே அடைந்திருந்தால் காற்று எப்படிப் போகும்?

நம்மைப் போல நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கை நீட்டி மூச்சிரைத்து, அந்த ஈரம் ஆவியாவதில்தான் அது சூட்டைத் தணித்துக்கொள்கிறது. நம் டெல்டாக் காற்றிலோ எப்போதும் ஈரம். சுற்றிலும் வயலும் வாய்க்காலும், கிழக்கே கடல். ஆவியாவது மெதுவாகத்தான் நடக்கும். அதனால் அதே வெயிலில் பெங்களூரைவிட இங்கே அதற்குத் தவிப்பு அதிகம்.

பழைய வீடாக இருந்தால் ரேழியை அதற்குக் கொடுத்துவிடுங்கள். வாசலுக்கும் கொல்லைக்கும் நடுவே காற்று ஓடும் இடம் அதுதான். கொல்லையில் குழி தோண்டினால் அடிக்காதீர்கள். பஞ்சு எங்கள் வீட்டு வாழை மரத்தடியில் தன் உடம்பு அளவுக்குக் குழி பறித்து, அடிமண்ணின் குளிர்ச்சியில் வயிற்றைப் பதித்துப் படுத்திருக்கும். தோண்டியதில் நான்கு வாழை போயிற்று, போகட்டும் என்று விட்டுவிட்டேன். கத்திரி வெயில் நாட்களில் காலை ஐந்து மணிக்குள் நடை முடிந்துவிட வேண்டும்.

நாக்கு செங்கல் நிறத்துக்கு மாறி, எச்சில் பசைபோல் இழுத்து, நடை தள்ளாடினால் அது வெயில் தாக்கு. நாய்க்குச் சாதாரண சூடே 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 104-ஐத் தாண்டினால் ஆபத்து. ஈரத் துண்டை முதுகில் போர்த்திவிடும் வழக்கம் உண்டு. அந்தத் துண்டு சீக்கிரமே சூடாகி வெப்பத்தை உள்ளேயே பிடித்துவைக்கும். அப்படிச் செய்யாமல் வயிறு, தொடை இடுக்கு, பாதம் எல்லாம் நனையக் குழாய்த் தண்ணீரை ஊற்றி, மின்விசிறியை நேராகத் திருப்பிவிட்டு, உடனே டாக்டரிடம் கொண்டுபோங்கள்.

இனி குரைப்பு. பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவே இருக்கிற பிரனீஸ் மலையில் ஆடு காத்த இனம் இது. பகலில் மந்தையோடு படுத்திருந்து, ராத்திரியில் ஓநாயும் கரடியும் கிட்டே வராதபடி குரைத்து விரட்டுவதுதான் அதன் வேலை. பல தலைமுறையாக அதற்காகவே பொறுக்கி வளர்த்திருக்கிறார்கள். உங்கள் நாய் தப்பு எதுவும் செய்யவில்லை. உங்களையே மந்தையாக நினைத்துக் காவல் காக்கிறது. ஓநாய்க்குப் பதில் இங்கே நரி ஊளையிடுகிறது, கீரிப்பிள்ளை ஓடுகிறது, ராத்திரியில் மோட்டார் போட டார்ச் லைட்டோடு ஆட்கள் வயலுக்குப் போகிறார்கள். ஒவ்வொன்றையும் அது உங்களுக்குச் சொல்லியாக வேண்டும்.

நான் கண்ட வழி இதுதான். பஞ்சு குரைத்தால் எழுந்துபோய், அது பார்க்கும் பக்கம் நானும் பார்ப்பேன். "சரிடா, பாத்துட்டேன், வா" என்று கழுத்தில் கை வைப்பேன். அதட்டினால் இன்னும் குரைத்தவன், இதற்கு அடங்கிவிடுவான். ஒரு மாதம் தூக்கம் கெட்டது உண்மை. பிறகு குரைப்பு மூன்று நான்கு முறையோடு நின்றது. இரவு பத்து மணிக்கு மேல் கொல்லையில் விடாமல், தெரு கண்ணில் படாத உள்பக்கத்தில் படுக்க வையுங்கள். சங்கிலியில் மட்டும் கட்டாதீர்கள். கட்டிப்போட்டால் குரைப்பும் கோபமும்தான் வளரும். பக்கத்து வீட்டாரை ஒரு நாள் மாலை கூப்பிட்டு நாயோடு பழக விடுங்கள். தெரிந்தவர்களின் காலடிச் சத்தத்துக்கு அது அவ்வளவாகக் குரைக்காது.

மழைக்காலம் வந்தாலே எங்கள் செயின்ட் பெர்னார்டு மேல் தாங்க முடியாத நாற்றம். தினமும் குளிப்பாட்டியும் போகவில்லை.
— கும்பகோணம் வாசகர்

தினமும் குளிப்பாட்டுவதால்தான் நாற்றம். மேல்முடி காய்ந்தாலும் உள்பஞ்சு காய்வதில்லை.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது எங்கள் தெருவுக்கு மின்சாரம் திரும்ப மூன்று வாரம் ஆயிற்று. நனைந்த பஞ்சுவைத் துவட்ட வீட்டிலிருந்த பழைய வேட்டிகள் எல்லாம் தீர்ந்துபோயின. நாலாவது நாள் காதுக்குக் கீழே ஒரு இடத்தை விடாமல் சொறிந்தான். விரல் விட்டுப் பிரித்துப் பார்த்தேன். உள்ளங்கை அகலத்துக்குத் தோல் சிவந்து, சீழ் கசிந்து, முடி அதிலேயே ஒட்டிக் கிடந்தது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை. மருத்துவரான எனக்கே நாலு நாள் தெரியவில்லை என்பதை நினைத்தால் இன்றைக்கும் மனசு கஷ்டப்படுகிறது. அப்படி வந்தால் அந்த இடத்தில் மட்டும் முடியை வெட்டி, புண்ணைச் சுத்தம் செய்து, காற்றுப் பட விடவேண்டும். மருந்து டாக்டர் தருவார்.

ஐப்பசி, கார்த்திகையில் குளிப்பாட்டுவதைக் குறைத்து, துவட்டுவதைக் கூட்டுங்கள். தினமும் காதுக்குப் பின்னால், கழுத்துப்பட்டைக்கு அடியில், வாலடியில் விரல் விட்டுப் பாருங்கள். அப்படியே உண்ணியும் கையில் தட்டுப்படும். உண்ணிக் காய்ச்சல் வந்தால் ஈறு வெளுத்துப்போகும், சில நாய்களுக்கு மூக்கில் ரத்தம் வரும். அப்புறம், வயலில் தண்ணீர் நிற்கும் காலத்தில் எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும். வெறிநாய்த் தடுப்பூசியோடு அதற்கான தடுப்பூசியையும் வருடம் தவறாமல் போட்டுவிடுங்கள்.

நாற்பது ஆடுகள் வைத்திருக்கிறேன். திருட்டு பயம். காகேசியன் ஷெப்பர்ட் ஒன்று வாங்கிக் காவலுக்கு விடலாமா?
— திருத்துறைப்பூண்டி வாசகர்

வேண்டாம் தம்பி. பனி பெய்யும் மலைக்கான உடம்பு அது. நம் ஊர் வெயிலில் பகலெல்லாம் தவித்தே சோர்ந்துவிடும். அதன் பலத்தை அடக்க அனுபவம் வேண்டும். 2024 மார்ச்சில் மத்திய அரசு 23 நாய் வகைகளின் விற்பனையையும் இனப்பெருக்கத்தையும் நிறுத்தச் சொல்லி மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியதே, அந்தப் பட்டியலில் இதுவும் இருந்தது. பிறகு அது நீதிமன்றங்களுக்குப் போனது. அந்த வழக்கு எப்படிப் போனாலும் என் பதில் இதுதான்.

சம்பா அறுவடை முடிந்ததும் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து ஆடு மேய்க்கும் கீதாரிகள் வந்து, ராத்திரியில் மந்தையை வயலில் அடைத்துக் கிடை போடுகிறார்களே, அந்தக் கிடையை ஒரு ராத்திரி போய்ப் பாருங்கள். ஒல்லியான நாட்டு நாய்கள் வரப்பில் ஆளுக்கொரு பக்கமாகப் படுத்திருக்கும். ஓர் ஆடு எழுந்தால் ஒரு காது மட்டும் நிமிரும். அந்நியர் கால் வைத்தால் நான்கும் ஒன்றாக எழும். குட்டியிலிருந்தே ஆட்டோடு படுத்து, ஆட்டு வாசனையில் வளர்ந்தவை அவை. எந்த இனமானாலும் இரண்டு மாத வயதில் ஆட்டோடு பழக்க ஆரம்பித்து, முழுசாக நம்பி விட ஒன்றரை, இரண்டு வருடம் ஆகும். கீதாரிகளிடமே ஒரு குட்டி கேளுங்கள். இல்லையென்றால் நம் நாட்டு இனமான கோம்பை நாய். ராஜபாளையம் வாங்கினால் குட்டியின் முதுகுப் பக்கம் நின்று கை தட்டிப் பார்த்து வாங்குங்கள். அந்த இனத்தில் சிலவற்றுக்குப் பிறவியிலேயே காது கேட்பதில்லை.

நான்கு மாத கிரேட் பிரனீஸ் குட்டி. எலும்பு பலப்பட கால்சியம் டானிக், பால், முட்டை எல்லாம் கொடுக்கிறோம். ஒரே வேளையில் வயிறு நிறையச் சாப்பிடுகிறது. போதுமா?
— மயிலாடுதுறை வாசகி

கால்சியம் டானிக்கை இன்றே நிறுத்துங்கள். பெரிய இனக் குட்டிக்கு அது கூடினால் எலும்பு கோணிக்கொள்ளும். பெரிய இனக் குட்டிகளுக்கென்றே வரும் தீவனம் கொடுத்தால் அதிலேயே தேவையான அளவு இருக்கிறது. வீட்டுச் சாப்பாடு என்றால் உங்கள் டாக்டரிடம் அளவு கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். குட்டி மெதுவாக வளரட்டும், கொழுக்க வேண்டாம். விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும்.

ஒரே வேளையில் போடாதீர்கள். இப்போது மூன்று வேளை, வளர்ந்தபின் இரண்டு வேளை. சாப்பிட்டதும் ஒரு மணி நேரமாவது ஓடவிடக் கூடாது. இந்த மாதிரி ஆழமான நெஞ்சுக்கூடு உள்ள பெரிய நாய்களுக்கு வயிறு காற்றால் உப்பி, அப்படியே முறுக்கிக்கொள்ளும். பஞ்சு போனது அதில்தான். நாங்கள் கல்யாணத்துக்குப் போய்விட்டு ராத்திரி பதினொன்றுக்குத் திரும்பியபோது, வாசலுக்கு வராமல் ரேழிக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டே இருந்தான். குமட்டினான், எதுவும் வரவில்லை. வயிற்றைத் தட்டினால் மேளம் போலச் சத்தம். அறுவை சிகிச்சைக்குக் காரில் ஏற்றினோம், போய்ச் சேரவில்லை. எப்போது ஆரம்பித்தது என்று சொல்ல அன்று வீட்டில் யாரும் இல்லை.

வாந்தி வராமல் குமட்டுவது, வயிறு உப்புவது, படுக்காமல் தவிப்பது: இந்த மூன்றையும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். காலையில் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள், ராத்திரி ஒரு மணியானாலும் டாக்டரை எழுப்புங்கள். நாய்க்கு வயிற்று அறுவை செய்யும் வசதி உங்களுக்குப் பக்கத்தில் எங்கே இருக்கிறது, ராத்திரியில் அங்கே ஆள் இருப்பார்களா, 50 கிலோ நாயை ஏற்ற யார் வண்டி தருவார்கள் என்பதையெல்லாம் குட்டிக்கு ஒன்றும் இல்லாத இந்த வாரத்திலேயே விசாரித்து, அந்த எண்களைச் சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள்.