பாட்டி கொடுத்த பவுன் 8.420 கிராம் இருந்தால் போலியா?

கேள்வி: குடியாத்தத்தில் இருந்த என் பாட்டி, ராஜா தலை போட்ட தங்கக் காசு ஒன்றை உயிலில் எனக்கு எழுதி வைத்தார். செயினில் கோக்க மேலே வளையம் வைத்திருக்கிறது. ஆண்டு 1918. வேலூர் லாங் பஜாரில் ஒரு கடையில் எடை போட்டால் 8.420 கிராம். “பவுன் காசு இவ்வளவு வராது, டூப்ளிகேட். உருக்கினால்தான் விலை சொல்ல முடியும்” என்கிறார்கள். யூடியூபிலோ 10 லட்சம் என்கிறார்கள். சிங்கப்பூரில் இருக்கும் தம்பி, அங்கே விற்றுத் தருகிறேன் என்கிறான். என்ன செய்யலாம்?

பதில்: உருக்கக் கொடுக்காமல் திரும்பி வந்தீர்களே, அதுவே பாதி லாபம்.

நாம் வாய்க்கு வாய் சொல்லும் ‘சவரன்’ இந்த இங்கிலாந்துக் காசின் பெயர்தான். அசல் எடை 7.988 கிராம், 22 காரட், விட்டம் 22 மில்லிமீட்டர். கணக்குக்கு வசதியாகக் கடைக்காரர்கள் அதை 8 கிராம் ஆக்கிக்கொண்டார்கள். உங்கள் காசில் கூடுதலாக இருக்கும் 430 மில்லிகிராம் சொச்சம் வளையமும், ஆசாரி அதைப் பற்றவைத்த பொடியுமாக இருக்கலாம். எடையை மட்டும் வைத்துப் போலி என்று தள்ள முடியாது.

ஒரு லென்ஸ் எடுத்து, குதிரை வீரன் இருக்கும் பக்கத்தைப் பாருங்கள். ஆண்டுக்கு நேர் மேலே, தரைக்கோட்டில் பொடி எழுத்தாக ஆங்கில ‘ஐ’ இருந்தால் பம்பாயில் அடித்தது. முதல் உலகப் போர் சமயத்தில் அங்கே திறந்த லண்டன் நாணயச் சாலையின் கிளையில் 1918-இல் மட்டும்தான் இந்தக் காசை அடித்தார்கள். எம், பி, எஸ் என்றால் ஆஸ்திரேலியா. சி என்றால் கனடா. எழுத்தே இல்லையா? அப்போதுதான் சந்தேகப்பட வேண்டும். எழுத்தில்லாதது லண்டன் காசு. 1918-இல் லண்டனில் பவுன் அடிக்கவில்லை. காசுமாலைக்காக நம் ஊரிலேயே அச்சு வைத்து அடித்தவையும் நிறைய உண்டு. அவற்றிலும் தங்கம் இருக்கும், பயப்பட வேண்டாம்.

அப்புறம் காரட் மெஷினில் வைத்துப் பாருங்கள். வளையத்தின் பக்கம் வேண்டாம், பொடி கலந்து மாற்றுக் குறைவாகக் காட்டும். காசின் நடுவில் வைக்கச் சொல்லுங்கள். புளி போட்டுத் தேய்க்காதீர்கள்.

விலைக்கு வருவோம். கிராம் 10,000 ரூபாய் என்று வைத்தால் காசுக்கு 79,880. பம்பாய்க் காசுக்குச் சேகரிப்பவர்கள் கொஞ்சம் மேலே போட்டுத் தருவார்கள். வளையம் வைத்த காசுக்கு அதுவும் குறையும். கழற்றினாலும் தழும்பு போகாது. சுமார் 13 லட்சம் காசு அடித்த சரக்குக்கு யார் 10 லட்சம் தருவார்? ‘முதலில் கமிஷன் கட்டுங்கள்’ என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். இந்த மோசடி பற்றி ரிசர்வ் வங்கியே 2021-இல் எச்சரித்தது.

தம்பியிடம் கொடுத்தனுப்ப வேண்டாம். நூறு ஆண்டு தாண்டிய நாணயம் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள்; வெளிநாட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது.

உயிலில் வந்ததால் வாங்கியதற்கு வரி இல்லை. விற்றால், பாட்டி 2001-க்கு முன்பே வைத்திருந்த காசு என்பதால் 1.4.2001 அன்றைய மதிப்பை அடக்க விலையாக வைத்து, லாபத்துக்கு 12.5% வரி. பில் கேட்டு வாங்குங்கள். 10,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கடைக்காரருக்கு அது செலவுக் கணக்கில் ஏறாது. பணம் பாங்க் வழியாக வருவதுதான் உங்களுக்கும் நல்லது.