பான்ஜீனோம் கேள்வி-பதில்: தலையை எண்ணாதீர்கள், ஹாப்லோடைப்பை எண்ணுங்கள்

பான்ஜீனோம், அதாவது பலரின் ஜீனோம்களைச் சேர்த்துக் கட்டும் ரெஃபரென்ஸ் பற்றி வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே குறை. எந்த ரெஃபரென்ஸ் (ஒப்பிடுவதற்கு வைத்திருக்கும் மாதிரி ஜீனோம்) என்றே எழுதவில்லை. ஹெச்ஜி19-ஆ, ஜிஆர்சிஹெச்38-ஆ, சிஹெச்எம்13-ஆ என்று சொல்லாமல் "குரோமோசோம் 11-இல் இந்த எண்ணில் ஒரு மாற்றம் இருக்கிறது, சரியா?" என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. அந்தக் கடிதங்களை ஒதுக்கிவிட்டேன். மற்றவை கீழே.

கேள்வி: ஜிஆர்சிஹெச்38 பத்து வருடத்துக்கு மேல் நன்றாகத்தானே ஓடுகிறது? திடீரென்று அதில் என்ன குறை?

திடீரென்று இல்லை, 2013-இல் வெளிவந்த நாளிலிருந்தே இருக்கும் குறைதான். அதில் ஏறக்குறைய 70 சதவீதம் ஒரே ஒருவரின் டிஎன்ஏ, அமெரிக்காவின் பஃபலோ நகரில் பெறப்பட்டது. எல்லோரும் இதையே சொல்வார்கள். ஆய்வகத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு உடனே உறைக்கும் குறை வேறு. குரோமோசோம் 21-இன் குட்டைக் கையில் சிபிஎஸ், யூ2ஏஎஃப்1, கேசிஎன்இ1 போன்ற ஜீன்களின் பொய்யான இரண்டாம் பிரதிகள் நுழைந்திருக்கின்றன. ரீட் (கருவி படித்துத் தரும் டிஎன்ஏ துண்டு) இரண்டு இடத்திலும் சமமாகப் பொருந்துவதால் மேப்பிங் தரம் பூஜ்யமாகிறது, மாற்றங்களைக் கண்டறியும் மென்பொருளான காலர் அதைத் தூக்கிப் போடுகிறது. ரத்தப் புற்றுநோய் மாதிரியில் யூ2ஏஎஃப்1 மாற்றத்தைத் தேடுகிறவருக்கு மாற்றங்களின் பட்டியலான விசிஎஃப் கோப்பு காலியாக வரும், எச்சரிக்கை எதுவும் வராது. அந்தப் பிரதிகளை மறைத்த ஜிஆர்சிஹெச்38 கோப்பு கிடைக்கிறது. பழைய ரெஃபரென்ஸையே பிடித்துக்கொள்வதானால் அதையாவது பயன்படுத்துங்கள்.

2022-இல் வந்த சிஹெச்எம்13 இதைச் சரிசெய்தது, கிட்டத்தட்ட 20 கோடி பேஸ் (டிஎன்ஏ எழுத்து) கூடுதலாகவும் தந்தது. ஆனால் அது முத்துப்பிள்ளைக் கர்ப்பத்திலிருந்து (குழந்தையாக வளராமல் திசுவாக வளரும் கர்ப்பம்) எடுத்த செல்வரிசை, அதாவது ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கும் செல்கள். தந்தைவழித் தொகுதி ஒன்றே இரட்டித்தது, அதனால் அசெம்ப்ளி செய்வது (ரீட்களை ஒட்டி முழுத் தொடராக்குவது) சுலபம். ஒய் குரோமோசோம்கூட வேறொருவரிடமிருந்து பிறகு சேர்த்ததுதான். துளையில்லாமல் முழுமையாக இருந்தாலும் அது ஒற்றை ஹாப்லோடைப் (பெற்றோரில் ஒருவரிடமிருந்து வரும் ஒரு தொகுதி). பலருடைய ஹாப்லோடைப்களை ஒரே கிராஃபில் (வேறுபடும் இடங்களில் கிளை பிரியும் வலையில்) வைப்பதற்குத்தான் பான்ஜீனோம்.

கேள்வி: உலகக் கூட்டமைப்பின் 2023 பான்ஜீனோம் வரைவில் 11.9 கோடி புதிய பேஸ்கள் கிடைத்தனவாமே. அத்தனை புதிய ஜீன்களா?

இல்லை. அதில் சுமார் 9 கோடி கட்டமைப்பு மாற்றங்களிலிருந்து (பெரிய நீக்கம், செருகல் போன்றவை) வந்தது, பெரும்பாலும் திரும்பத் திரும்ப வரும் தொடர்கள். 1,115 ஜீன் இரட்டிப்புகள் என்பதும் ஏற்கெனவே தெரிந்த ஜீன்களின் கூடுதல் பிரதிகள்தான்.

கேள்வி: எச்சில் அனுப்பி வாங்கிய 7 லட்சம் மார்க்கர் கோப்பு என்னிடம் இருக்கிறது. பான்ஜீனோமில் ஏற்றிப் பார்க்கலாமா?

முடியாது. அது குறிப்பிட்ட இடங்களின் எழுத்துப் பட்டியல், ரீட் அல்ல. அலைன் செய்ய (கிராஃபோடு பொருத்த) அதில் ஒன்றுமில்லை.

கேள்வி: ஜீனோம்இந்தியா திட்டம் நம் நாட்டில் 10,000 பேரின் ஜீனோமைப் படித்துவிட்டது. உலகக் கூட்டமைப்பு வெறும் 47 பேரோடு பான்ஜீனோம் என்று பெயர் வைத்துக்கொண்டது. அந்த 10,000-ஐ அப்படியே கிராஃபில் போட்டால் உலகிலேயே பெரிய பான்ஜீனோம் நம்முடையதாகாதா?

ஆகாது. இதே கேள்வி வெவ்வேறு உருவத்தில் வந்துகொண்டே இருக்கிறது, அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

அந்த 10,000 பேர், 83 மக்கள் குழுக்கள், பெரிய வேலைதான். ஆனால் அவை 150 பேஸ் நீளமுள்ள சிறு ரீட்கள். அவற்றிலிருந்து வருவது "ரெஃபரென்ஸில் இந்த இடத்தில் இந்த எழுத்து மாறியிருக்கிறது" என்ற பட்டியல். ரெஃபரென்ஸில் இல்லாத நீண்ட தொடர் அந்தப் பட்டியலுக்குள் வரவே வராது, ஏனென்றால் அந்த ரீட்கள் பொருந்த இடமில்லாமல் ஏற்கெனவே கழிந்துவிட்டன. அந்தப் பட்டியலைக் கொண்டு கிராஃப் கட்டினால் பழைய ரெஃபரென்ஸ் மேல் சின்னச் சின்னக் குமிழிகள் முளைத்திருக்கும், அவ்வளவுதான்.

எல்பிஏ ஜீனைப் பாருங்கள். அதில் சுமார் 5,500 பேஸ் நீளமுள்ள ஒரு துண்டு ஒருவரிடம் சில முறையும் இன்னொருவரிடம் 40 முறைக்கு மேலும் திரும்ப வரும். இதய நோய் அபாயத்தோடு நேரடித் தொடர்புள்ளது. சிறு ரீட் ஆழத்தை (ஒரே இடத்தில் எத்தனை ரீட் விழுகிறது என்பதை) வைத்து மொத்தம் ஏறத்தாழ 50 பிரதி என்று சொல்லலாம். அது 25-உம் 25-உமா, 8-உம் 42-உமா என்று பிரிக்க முடியாது. மருத்துவருக்கு வேண்டியதோ அந்தப் பிரிவுதான். ஆல்ஃபா தலசீமியாவில் ஒட்டிப் பிறந்த இரண்டு ஆல்ஃபா குளோபின் ஜீன்களிலும் இதே தொல்லை.

47 பேர் என்று இளக்காரமாக எழுதியிருக்கிறீர்கள். ஒவ்வொருவருக்கும் தாய்வழி, தந்தைவழி என இரண்டு முழு அசெம்ப்ளி, ஆக 94 ஹாப்லோடைப். ஒவ்வொன்றும் எதிர்பார்க்கும் தொடரில் 99 சதவீதத்துக்கு மேல் உள்ளடக்கியிருக்கிறது. 2025-இல் வந்த இரண்டாம் வெளியீட்டில் 200 பேருக்கு மேல். இலக்கு 350 பேர்.

எத்தனை பேர் போதும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. ஒரு அலீலை (ஒரு இடத்தில் வரக்கூடிய வடிவங்களில் ஒன்றை) 95 சதவீத நிச்சயத்தோடு ஒருமுறையாவது பிடிக்க, 3-ஐ அதன் விகிதத்தால் வகுங்கள். வருவது ஹாப்லோடைப் எண்ணிக்கை. தெற்காசியாவில் இதயத் தசை நோயோடு தொடர்புள்ள எம்ஒய்பிபிசி3 ஜீனின் 25 பேஸ் நீக்கம் சுமார் 4 சதவீதம் பேரிடம் இருக்கிறது. அலீல் விகிதம் 2 சதவீதம் என்று வையுங்கள். 3-ஐ 0.02-ஆல் வகுத்தால் 150 ஹாப்லோடைப், அதாவது உறவில்லாத 75 பேர். 25 பேஸ் நீக்கத்தைச் சிறு ரீடே கண்டுபிடித்துவிடும் என்பது வேறு விஷயம், கணக்குக்காகச் சொல்கிறேன். இதே விகிதத்தில் 6,000 பேஸ் நீளச் செருகல் ஒன்று நம் மக்களிடம் இருந்தால் அதைப் பிடிக்க இந்த 75 பேரின் முழு அசெம்ப்ளி வேண்டும். 10,000 பேரின் சிறு ரீட் அதற்கு ஈடாகாது.

இதே கணக்கை உலக இலக்குக்கும் போட்டுப் பாருங்கள். 700 ஹாப்லோடைப் என்றால் உலக அளவில் 0.4 சதவீத அலீல்வரை பிடிபடும். ஆனால் ஒரு நிலப்பகுதியிலிருந்து 15 பேர்தான் சேர்ந்தார்கள் என்றால், அங்கு மட்டும் காணப்படும் அலீல் 10 சதவீதத்துக்குக் கீழ் இருந்தால் தப்பிவிடும் வாய்ப்பு உண்டு. குறை சொல்ல வேண்டுமானால் இதைச் சொல்லுங்கள். அந்த முதல் 47-இல் தெற்காசியர் ஒரே ஒருவர், லாகூர் பஞ்சாபி மாதிரி. அது நியாயமான குறை.

ஜீனோம்இந்தியா வீணா? இல்லவே இல்லை. நல்ல கிராஃபை முதலில் கட்டிவிட்டு, அந்த 10,000 பேரின் சிறு ரீட்களை அதன்மேல் ஓட்ட வேண்டும். வரைவு பான்ஜீனோம்மேல் சிறு ரீட்களை ஓட்டியபோது சிறு மாற்றங்களைக் கண்டறிவதில் பிழை 34 சதவீதம் குறைந்தது, ஒரு ஹாப்லோடைப்புக்குக் கிடைத்த கட்டமைப்பு மாற்றங்கள் 104 சதவீதம் கூடின. வரிசை அதுதான்: நீண்ட ரீட்டில் சிலர், பிறகு சிறு ரீட்டில் பலர். தலைகீழாகச் செய்யாதீர்கள்.

கேள்வி: அப்படியானால் தமிழருக்கென்று தனி பான்ஜீனோம் வேண்டாமா? நம் தொன்மையை நிரூபிக்க உதவுமே.

தொன்மையை நிரூபிக்கும் கருவி இதுவல்ல. அசெம்ப்ளி வேண்டும், தனிக் கிராஃப் வேண்டியதில்லை. சீனாவில் 36 சிறுபான்மை இனங்களை உள்ளடக்கி 58 பேர், அமீரகத்தில் 53 பேர் என்று தனித்தனியாகச் செய்திருக்கிறார்கள், பயனும் இருக்கிறது. ஆனால் இரண்டு தனிக் கிராஃப்களின் கணுக்கள் ஒன்றோடொன்று பேசாது. ஒரே பெயர் முறையில், ஒரே தர அளவில் அசெம்ப்ளியை வெளியிட்டால் யார் வேண்டுமானாலும் பொதுக் கிராஃபில் சேர்த்துக் கட்டலாம். 1000 ஜீனோம் தொகுப்பில் இங்கிலாந்தில் வாழும் இலங்கைத் தமிழர் மாதிரிகள் ஏற்கெனவே இருக்கின்றன. தமிழர் மாதிரிகளுக்கு இதுதான் தொடக்கம் என்று எழுதும் முன் அதையும் பாருங்கள்.

கேள்வி: மாதிரி தருபவரின் பெற்றோர் கிடைக்கவில்லை. இரண்டு ஹாப்லோடைப்பையும் பிரிக்க ஹை-சி (செல்லுக்குள் அருகருகே இருக்கும் டிஎன்ஏ பகுதிகளைக் காட்டும் தரவு) மட்டும் போதுமா? அவர் பெற்றோர் மாமன் மகள், அத்தை மகன் உறவு.

உறவைச் சொன்னீர்களே, நன்றி. பலர் இதைக் கேட்பதே இல்லை. இப்படி மாமன் மகள், அத்தை மகன் உறவில் பிறந்தவருக்கு ஜீனோமில் சராசரியாக 16-இல் 1 பங்கு இரண்டு பக்கமும் ஒன்றே. தாய்மாமன்-அக்காள் மகள் திருமணமானால் 8-இல் 1. அந்தப் பகுதிகளில் இரண்டு ஹாப்லோடைப் என்று கணக்கு வைத்தாலும் கையில் இருப்பது ஒன்றுதான். தவிர, ஒரே மாதிரியான நீண்ட பகுதிக்குள் வேறுபடுத்த ஒரு புள்ளியும் இல்லை. அதைத் தாண்டி இந்தப் பக்கத்தையும் அந்தப் பக்கத்தையும் சரியாக இணைக்க ஹை-சி திணறும், பக்கம் மாறும் பிழை அங்கேதான் வரும். பெற்றோர் ஒவ்வொருவருக்கும் 30 மடங்கு சிறு ரீட் இருந்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும். பெற்றோர் இல்லை என்றால், உறவில் பிறக்காத வேறொருவரைத் தேடுங்கள்.

கேள்வி: நீண்ட ரீட் என்று செலவழித்தும் எங்கள் ரீட் 20,000 பேஸைத் தாண்டவில்லை. கருவி பழுதா?

கருவியைக் குறை சொல்லும் முன் உங்கள் கையைப் பாருங்கள். வோர்டெக்ஸ் (கருவியில் வேகமாகக் குலுக்குவது) செய்தீர்களா? சாதாரண டிப்பில் உறிஞ்சினீர்களா? ரத்தத்தை எத்தனை முறை உறைய வைத்து உருக்கினீர்கள்? மூன்றில் ஒன்று போதும், டிஎன்ஏ துண்டு துண்டாகிவிடும். இடிடிஏ குழாயில் எடுத்து, சிறு பங்குகளாகப் பிரித்து மைனஸ் 80-இல் வையுங்கள், ஒரு பங்கை ஒரு முறைக்கு மேல் உருக்காதீர்கள். அகன்ற வாய் டிப், மெதுவான உறிஞ்சல், குழாயைக் கவிழ்த்துக் கலப்பது மட்டும்தான். கரைய ஓர் இரவாவது அறை வெப்பத்தில் விடுங்கள்.

அளப்பதிலும் கவனம். கெட்டியான டிஎன்ஏவில் நானோட்ராப் கருவி சொல்வதை நம்ப வேண்டாம். க்யூபிட் கருவியில் குழாயின் மேல், நடு, அடி என மூன்று இடத்தில் எடுத்து அளவிடுங்கள். மூன்றும் ஒத்துவரவில்லை என்றால் இன்னும் கரையவில்லை. ஹைஃபை என்ற துல்லியமான நீண்ட ரீட் முறைக்கு நீங்களே 15,000 முதல் 20,000 பேஸாக வெட்டுவீர்கள், அதனால் அங்கே 20,000 என்பது குறையே இல்லை. எந்த முறை ரீட் என்று எழுதவில்லையே நீங்கள்! நானோபோர் அதிநீள ரீட் என்றால் மட்டும்தான் 1 லட்சத்துக்கு மேல் எதிர்பார்க்க வேண்டும். அதற்குக் குழலில் டிஎன்ஏவை வடித்தெடுக்கும் சாதாரண கிட் உதவாது, லட்சக்கணக்கில் முழுச் செல்களிலிருந்து தொடங்க வேண்டும்.

கேள்வி: ரத்தமா, செல்வரிசையா?

செல்வரிசை தீராது, எத்தனை முறை வேண்டுமானாலும் டிஎன்ஏ எடுக்கலாம். ஆனால் ஈபிவி வைரஸால் மாற்றிய செல்கள் பி-செல்கள். அவற்றில் ஆன்டிபாடி ஜீன்கள் ஏற்கெனவே வெட்டி ஒட்டப்பட்டிருக்கும். குரோமோசோம் 14, 2, 22-இல் அந்தப் பகுதிகளில் தெரியும் பெரிய நீக்கம் அந்த மனிதரின் பரம்பரையில் இல்லாதது. புது மாற்றம் என்று எழுதிவிடாதீர்கள். குறைவான பாசேஜ் (செல்களைப் புதுக் குடுவைக்கு மாற்றிய முறை), கேரியோடைப் (குரோமோசோம்களைப் பார்க்கும்) சோதனை இரண்டும் கட்டாயம்.

கேள்வி: நீரிழிவு ஆய்வுக்காகச் சேகரித்த 40 ரத்த மாதிரிகள் இருக்கின்றன. பெயரை நீக்கிவிட்டு பான்ஜீனோமுக்குக் கொடுக்கலாமா?

கூடாது. நீரிழிவுக்கு என்று கேட்டு வாங்கியது நீரிழிவுக்கு மட்டும்தான். அரிசோனாவில் ஹவாசுபாய் மக்களின் ரத்தத்தை இதேபோல நீரிழிவு ஆய்வு என்று எடுத்து வேறு ஆய்வுகளுக்குப் பயன்படுத்தினார்கள். வழக்காகி 2010-இல் பல்கலைக்கழகம் 7 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்தது. பெயரை நீக்குவதும் இங்கே வெறும் சடங்கு. ஒய் குரோமோசோம் குறிகளை வம்சாவளித் தளங்களோடு ஒப்பிட்டுக் குடும்பப் பெயரைக் கண்டுபிடிக்கலாம் என்று 2013-லேயே காட்டிவிட்டார்கள். நீங்கள் வெளியிடப்போவதோ முழு ஜீனோம்.

நெறிமுறைக் குழுவிடம் திரும்பப் போங்கள். "ஜீனோம் முழுவதும் எல்லோரும் பதிவிறக்கும்படி வெளியாகும், வெளியான பிறகு திரும்பப் பெற முடியாது" என்று அவர்கள் மொழியிலேயே எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். 40 பேரில் 12 பேர் ஒப்புக்கொண்டால் 12 பேரோடு செய்யுங்கள். 24 ஹாப்லோடைப் சின்ன எண்ணிக்கை அல்ல.

கேள்வி: அசெம்ப்ளியின் க்யூவி (பிழை குறைவைக் காட்டும் தர எண்) 50 வந்திருக்கிறது. போதுமா?

1 லட்சம் பேஸுக்கு 1 பிழை, ஒரு ஹாப்லோடைப்பில் சுமார் 30,000. வெளியிடலாம், பெருமைப்பட வேண்டாம். க்யூவியை மட்டும் பார்த்து நிறுத்தாமல் ஆழம் இரட்டிக்கும் இடங்களையும் பாருங்கள். இரண்டு பிரதி ஒன்றாக ஒடுங்கிய இடத்தில் க்யூவி அழகாகவே இருக்கும்.

கேள்வி: கிராஃப் கட்டும் மென்பொருள்கள் மினிகிராஃப், மினிகிராஃப்-காக்டஸ், பிஜிஜிபி. எதை எடுப்பது?

மினிகிராஃப் மட்டும் என்றால் 50 பேஸுக்குக் குறைந்தது எதுவும் கிராஃபில் இராது, மேலே சொன்ன 25 பேஸ் நீக்கமும் காணாமல் போகும். காக்டஸ் சேர்ந்தால் ஒற்றை எழுத்து மாற்றம்வரை வரும், ஆனால் ஒரு ரெஃபரென்ஸை முதுகெலும்பாகக் கேட்கும். எது என்று பதிவு செய்து வையுங்கள், இதையும் மறக்கிறீர்கள். பிஜிஜிபி எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் ஒப்பிடும். 10 ஹாப்லோடைப்புக்கு 45 ஜோடி, 100-க்கு 4,950. முழு ஜீனோமுக்கு உங்கள் சர்வர் தாங்காது, ஒரு ஜீன் பகுதிக்கு அருமை. காக்டஸில் மாதிரிப் பெயருக்குள் புள்ளி வைக்காதீர்கள். புள்ளிக்குப் பின் வருவதை ஹாப்லோடைப் எண்ணாகத்தான் அது படிக்கும். "வந்த பிழை" என்று மூன்று பேர் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட் மூன்றிலும் காரணம் அந்தப் புள்ளிதான்.

கேள்வி: ஹாப்லோடைப் கூடக் கூட ஜிராஃப் (ரீட்களைக் கிராஃபில் பொருத்தும் மென்பொருள்) மேப்பிங் மோசமாகிறது. ஏன்?

அபூர்வ அலீல்கள் சேரச் சேர ரீட் தவறாகப் பொருந்தவும் இடம் கூடுகிறது. முதலில் 90 ஹாப்லோடைப் கிராஃபில் 9-க்குக் குறைவானவற்றில் வரும் கணுக்களை வெட்டிவிட்டு ஓட்டினார்கள். இப்போது அந்த வெட்டு தேவையில்லை. மாதிரியின் ரீட்களில் கே-மெர் (குறித்த நீளமுள்ள சிறு எழுத்துத் துண்டு) எண்ணி, அதோடு ஒத்துப்போகும் ஹாப்லோடைப்களை மட்டும் எடுத்துத் தனிக் கிராஃப் கட்டி, அதன்மேல் ஓட்டுங்கள். முடிவை ஜிஆர்சிஹெச்38 ஆயத்துக்கு (அதன் இட எண்களுக்கு) மாற்றித்தான் மருத்துவரிடம் கொடுக்க வேண்டும், நோய்த் தரவுத்தளங்கள் இன்னும் அந்த ஆயத்தில்தான் இருக்கின்றன.

கேள்வி: முழு கிராஃபையும் படமாகக் காட்டும் பேண்டேஜ் மென்பொருளில் திறந்தேன், மடிக்கணினி நின்றுவிட்டது.

நிற்கத்தான் செய்யும். வேண்டிய ஜீனைச் சுற்றி 1 லட்சம் பேஸ் அளவுக்கு விஜி சங்க் அல்லது ஓட்கி எக்ஸ்ட்ராக்ட் கட்டளை மூலம் வெட்டி எடுத்துத் திறங்கள். வெட்டும் எண்கள் எந்த ரெஃபரென்ஸின் ஆயம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.