தாய்லாந்து ரிட்டயர்மென்ட் விசாவுக்கு பேங்க்ல எவ்வளவு பணம் காட்டணும்? மதுரையில இருந்து போனவங்க யாராவது சொல்ல முடியுமா?

கேள்வி கேட்ட உங்களுக்கு 58 வயசு, கையில 50 லட்சம், மாச பென்ஷன் 38 ஆயிரம்னு போட்டுருக்கீங்க. எனக்கு 62, திருநகர்க்காரன், ஒரு நூல் மில்லுல அக்கவுண்ட்ஸ் பாத்து ரிட்டயர் ஆனவன், வீட்டம்மா ரிட்டயர்டு டீச்சர், மக பாங்காக்ல வேலை பாக்குறா. 2025 மார்ச்சுல போய் ஜூன்ல எக்ஸ்டென்ஷன் (அங்க ஒரு வருஷம் தங்கறதுக்கான நீட்டிப்பு) வாங்குற வரைக்கும் நான் பட்ட பாட்ட அப்படியே சொல்றேன், உங்களுக்கு உபயோகமா இருந்தா சரி.

தொகைய முதல்ல சொல்லிடுறேன். 50 வயசு முடிஞ்சிருக்கணும். தாய்லாந்து பேங்க்ல உங்க பேர்ல 8 லட்சம் பாட் இருக்கணும், இல்லைன்னா மாசம் 65,000 பாட் வருமானம் காட்டணும், இல்லைன்னா வருமானமும் டெபாசிட்டும் சேத்து வருஷத்துக்கு 8 லட்சம் பாட் வரணும். எனக்கு பாட் 2 ரூபா 60 காசு பக்கம் விழுந்துச்சு, அந்தக் கணக்குல 65,000 பாட்னா மாசம் 1 லட்சத்து 69 ஆயிரம் ரூபா. நம்மூர்ல அம்புட்டு பென்ஷன் யாருக்கு வருது? என் மில் பென்ஷன் காஸ் சிலிண்டருக்கும் பால்காரருக்குமே பத்தாது. அதனால உங்க 38 ஆயிரத்த வச்சு வருமான வழிய யோசிக்காதீங்க, நேரா டெபாசிட் வழிக்கு வாங்க, என் ரேட்டுல 20 லட்சத்து 80 ஆயிரம் ரூபா ஆச்சு, நீங்க அன்னைக்கு ரேட்ட பாத்துக்கோங்க.

எல்லாரும் இந்தத் தொகையக் கேட்டுட்டு "அவ்வளவுதானா, நம்மகிட்ட இருக்கே"ன்னு கிளம்பிடுறாங்க. நானும் அப்படித்தான், ஊமச்சிகுளம் பக்கம் கெடந்த 4 சென்ட் இடத்த வித்தேன், பணம் ரெடி, வேலை முடிஞ்சதுன்னு நெனச்சேன். ஆனா தாய்லாந்து இமிகிரேஷன்காரங்க பணம் இருக்கான்னு மட்டும் பாக்குறதில்ல, அது எத்தனை நாள் அசையாம கெடந்துச்சுன்னு பாக்குறாங்க. அப்ளிகேஷன் போடுறதுக்கு முன்னாடி ரெண்டு மாசம் முழுசா 8 லட்சம் இருக்கணும், எக்ஸ்டென்ஷன் குடுத்தப்புறம் மூணு மாசம் 8 லட்சத்துல கை வைக்கக் கூடாது, அதுக்கப்புறம் வருஷம் பூரா 4 லட்சத்துக்குக் கீழ எறங்கக் கூடாது, அடுத்த வருஷ அப்ளிகேஷனுக்கு ரெண்டு மாசம் முன்னாடி திரும்பவும் 8 லட்சம் ஆகியிருக்கணும். ஒரு நாள் ஒரு பாட் கொறஞ்சாலும் கொறஞ்சதுதான்.

இப்ப நாள் கணக்கப் பாருங்க. நான் இங்க இருந்து நான்-ஓ விசா (டூரிஸ்ட் விசா இல்ல, அங்க போய் எக்ஸ்டென்ஷன் போடுறதுக்கு முதல் படி) வாங்கிட்டுப் போனேன், அது 90 நாள். அதுல ரெண்டு மாசம் பணம் தூங்கணும்னா, அக்கவுண்ட் ஓபன் பண்ணி ஊர்ல இருந்து பணத்த வரவைக்க மிச்சம் இருக்குறது 30 நாள்தான். டூரிஸ்டா போயிட்டு அங்க பாத்துக்கலாம்னா அக்கவுண்ட் ஓபன் பண்றதே குதிரைக்கொம்பு, நான்-ஓ கையில இருந்தா பரவாயில்ல. மார்ச் 7 எறங்குனேன், ஜூன் 4 கடைசி நாள், அப்ப ஏப்ரல் 4-க்குள்ள பணம் முழுசா உள்ள இருக்கணும்.

இதுல நான் ஒரு புத்திசாலித்தனம் பண்ணேன். வெளிநாட்டுக்கு பணம் அனுப்புனா ஒரு நிதியாண்டுல குறிப்பிட்ட தொகைக்கு மேல போறதுக்கு 20 சதவீதம் டிசிஎஸ் (பேங்கே முன்கூட்டி புடிச்சு கட்டுற வருமான வரி) புடிப்பாங்க. அந்த லிமிட் 2025 மார்ச் 31 வரைக்கும் 7 லட்சம், ஏப்ரல் 1-ல இருந்து 10 லட்சம். மொத்தம் 20 லட்சத்து 80 ஆயிரம் அனுப்பணும். மார்ச்சுலயே மொத்தமா அனுப்புனா 2 லட்சத்து 76 ஆயிரம் புடிப்பான். அதனால மார்ச்சுல 7, ஏப்ரல்ல 13.80-ன்னு ரெண்டாப் பிரிச்சேன், 10-க்கு மேல போன 3.80-க்கு மட்டும் 76 ஆயிரம் புடிச்சாங்க. மில்லுல முப்பது வருஷம் கணக்கெழுதுன கை, சும்மா இருக்குமா. ஆனா அந்த டிசிஎஸ் எங்கயும் போயிடாது, ரிட்டர்ன் ஃபைல் பண்ணா வரியில கழிச்சுக்கலாம், மிச்சம் ரீஃபண்டா வந்துரும், எனக்கும் வந்துருச்சு. சும்மா கொஞ்ச மாசம் முடங்கிக் கெடக்கற காச மிச்சம் புடிக்கறேன்னு விசாவையே பணயம் வச்சிருக்கேன்னு அப்ப ஒறைக்கல.

முதல் 7 லட்சம் அனுப்பிட்டுக் காத்திருக்கேன், மார்ச் 28 மத்தியானம் மியான்மர் நிலநடுக்கத்துல பாங்காக்கே ஆடிப்போச்சு. மக இருக்கறது 14-வது மாடி. படியில எறங்கி ரோட்டுல நிக்கிறோம், வீட்டம்மா மாரியம்மா மாரியம்மான்னு சொல்லிக்கிட்டு இருக்கு, நான் போன எடுத்து பணம் ஏறிருச்சான்னு பாக்குறேன். இன்னைக்கு வரைக்கும் அத சொல்லிக் காட்டும். (பணம் ஏறியிருந்துச்சு.)

ஏப்ரல் 1 நம்ம பேங்க் கணக்கு முடிக்கிற நாள், ஒண்ணும் நடக்காது, இத்தனை வருஷம் அக்கவுண்ட்ஸ் பாத்த எனக்கே மறந்துபோச்சு. 2-ந்தேதி அனுப்புனேன், 4-ந்தேதி வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏறுச்சு. பாஸ்புக்க போட்டுப் பாத்தா 7 லட்சத்து 98 ஆயிரத்து 860. கொறையறது 1,140 பாட், நம்ம காசுக்கு மூவாயிரம் ரூபாகூட வராது! நம்ம பேங்க்ல குடுத்த ரேட்ட வச்சு நான் சரியா 8 லட்சத்துக்கு அனுப்பியிருக்கேன், ஆனா வந்து சேர்ற பேங்க் தடவைக்கு 500 பாட் எடுத்துக்கிட்டான், நடுவுல ஒரு பேங்க் கொஞ்சம் கடிச்சிருச்சு. அடுத்த நாள் சனி, அப்புறம் ஞாயிறு, திங்கள் 7-ந்தேதி அங்க சக்ரி தினத்துக்கு லீவு. செவ்வாய்க்கிழமை போட்டா ரெண்டு மாசம் ஜூன் 8-க்கு போயிரும், விசா முடியறதோ ஜூன் 4. மகதான் பேக்ல கெடந்த ரெண்டாயிரம் பாட்ட எடுத்துக்கிட்டு கீழ ஓடி பணம் போடுற மெஷின்ல போட்டுட்டு வந்தா. அந்த ராத்திரி 8 லட்சம் தாண்டுச்சு. அதனால சொல்றேன், கணக்கா அனுப்பாதீங்க, 20 ஆயிரம் பாட்டாவது கூட அனுப்புங்க, பாட் ரேட்டும் நாளுக்கு நாள் ஏறி எறங்குது.

அப்புறம் ஒக்காந்து காவல் காக்குற வேலைதான். விசா சிங்கிள் என்ட்ரி, நடுவுல ஊருக்கு வந்தா விசா செத்துரும், வரணும்னா ரீ-என்ட்ரி பெர்மிட் வாங்கணும், ஒரு தடவைக்கு 1,000 பாட். காசப் பத்தி இல்ல, அக்கவுண்ட விட்டு நகரவே பயமா இருந்துச்சு எனக்கு. மே 12 அழகர் ஆத்துல எறங்குறத பொறந்ததுல இருந்து நேர்ல பாக்காத வருஷம் ரெண்டோ மூணோதான் இருக்கும், அந்த வருஷம் யூட்யூப்ல பாத்தேன். அதே பௌர்ணமிக்கு அங்க விசாக பூஜை லீவு, தெருவுல புத்தர் கோயிலுக்கு தாமரை மொட்டு எடுத்துக்கிட்டுப் போறாங்க. அன்னைக்கு பாங்காக் சிலோம்ல இருக்குற மாரியம்மன் கோயிலுக்குப் போயிட்டு வந்தோம், நம்ம ஆளுங்க அந்தக் காலத்துல போய்க் கட்டுன கோயில், உள்ள போனா கொஞ்சம் மனசு ஆறும்.

ஜூன் 3 ராணி பிறந்தநாள் லீவு, 4-ந்தேதி காலையில இமிகிரேஷன் ஆபீஸ்ல முதல் ஆளா போய் நின்னோம். முக்கியமா, அப்ளை பண்ற அன்னைக்கே பேங்க்ல பாஸ்புக் அப்டேட் ஆகி லெட்டர் கையில இருந்தா நல்லது. ஃபீஸ் 1,900 பாட்.

வீட்டம்மாவுக்கு தனியா 8 லட்சம் காட்டச் சொல்லல, என் மேல சார்ந்தவங்கன்னு சேத்துக்கிட்டாங்க. ஆனா மேரேஜ் சர்டிபிகேட் வேணும். எங்க கல்யாணம் 1989, மண்டபத்துல தாலி கட்டுனோம், சாப்டோம், வந்தோம், ரிஜிஸ்டர் பண்ணணும்னு யாருக்குத் தெரியும். முப்பத்தஞ்சு வருஷம் கழிச்சு பத்திரிக்கைய பரண்ல தேடிக் கண்டுபிடிச்சு சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல போய் நின்னா, அங்க இருந்த பையன் "என்ன சார் லேட்டா"ங்குறான். நீங்க இத இப்பவே முடிச்சுருங்க. இன்னொண்ணு இனிஷியல். பாஸ்போர்ட்ல அப்பா பேர் முழுசா, பேங்க்ல வெறும் இனிஷியல்னு இருந்தா பணம் அனுப்பும்போது ரெண்டு பக்கமும் கேள்வி வரும், கிளம்பறதுக்கு முன்னாடியே ஒரே மாதிரி மாத்திக்கோங்க.

இன்னொரு வழி ஓ-ஏ விசா (இங்கேயே வாங்கிட்டுப் போற ரிட்டயர்மென்ட் விசா), அதுக்கு பணத்த நம்மூர் பேங்க்லயே காட்டலாம், ஆனா 30 லட்சம் பாட்டுக்கு ஹெல்த் இன்ஷூரன்ஸ், போலீஸ் சர்டிபிகேட், மெடிக்கல் சர்டிபிகேட்டுன்னு நீளும். அந்த மெடிக்கல்ல தொழுநோய், டிபி, யானைக்கால் இல்லைன்னு டாக்டர் எழுதித் தரணும். நமக்கு அறுபதைத் தாண்டின வயசுல அந்த இன்ஷூரன்ஸ் பிரீமியம்தான் கழுத்த நெரிக்கும், அதான் நான் அங்கிட்டு போகல.

இப்ப உங்க 50 லட்சத்துக்கு வருவோம். தாராளமா முடியும், ஆனா அதுல அந்த 8 லட்சம் பாட்டுக்கு ஆகுற ரூபாய செத்த பணம்னு எழுதிருங்க. அதே 20 லட்சம் இங்க சீனியர் சிட்டிசன் சேமிப்புத் திட்டத்துல 8.2 சதவீதத்துக்கு கெடந்தா வருஷம் 1 லட்சத்து 64 ஆயிரம் வட்டி, அங்க சேவிங்ஸ்ல வர்ற வட்டிக்கு ஒரு நல்ல வேட்டி வாங்கலாம். இதுதான் இந்த விசாவோட உண்மையான ஃபீஸ், 1,900 பாட் இல்ல. அதோட ஆஸ்பத்திரி செலவுன்னு வந்தாகூட அந்த 4 லட்சம் பாட்ல கை வைக்க முடியாது, அதுக்கு தனியா பத்து லட்சமாவது வேணும். சொந்தக்காரங்க கண்ணுக்கு அது சும்மா கெடக்குற பணம். என் மச்சினன் பொண்ணு கல்யாணத்துக்கு "மாமா மூணு மாசத்துல திருப்பிடுறேன்"னு கேட்டாரு, முடியாது மாப்ளைன்னேன், எனக்கு மொய் வச்ச ஆள்தான், இப்ப வரைக்கும் சரியா பேசறதில்ல.

பணம் இல்லைன்னா நாங்க போட்டுக் காட்டுறோம், கமிஷன் மட்டும் குடுங்கன்னு சொல்ற ஏஜென்ட்டுங்க உண்டு, எனக்கே ஒருத்தர் டீக்கடையில வச்சு சொன்னாரு. அது மாட்டுனா விசா கேன்சல், திரும்ப உள்ள விடாம பிளாக்லிஸ்ட் பண்ணாலும் ஆச்சு. வேணாம்.

மலேசியா பத்தியும் கேட்டுருந்தீங்க. அந்த எம்எம்2எச் (வெளிநாட்டுக்காரங்க ரொம்ப வருஷம் தங்கற மலேசிய விசா திட்டம்) 2024-ல மாத்துனாங்க, அடிமட்ட சில்வருக்கே 1,50,000 அமெரிக்க டாலர் டெபாசிட், அது போக 6 லட்சம் ரிங்கிட்டுக்கு வீடு வாங்கணும். ஃபாரஸ்ட் சிட்டின்னு ஜொகூர் பக்கம் தனித் திட்டம் ஒண்ணுல 50 வயசுக்கு மேல 32,000 டாலர் டெபாசிட் போதும், ஆனா அங்கதான் வீடு வாங்கணும், அது உங்க 50 லட்சத்துக்கு அடங்குமான்னு யோசிச்சுக்கோங்க. சிங்கப்பூர்ல ரிட்டயர்மென்ட் விசான்னே ஒண்ணு கெடையாது, பையன் மாசம் 12,000 வெள்ளி சம்பளம் வாங்குனா அவன் பேர்ல அப்பா அம்மாவுக்கு பாஸ் எடுக்கலாம், அம்புட்டுதான்.

நிரந்தரமா அங்க போய் இருக்கப் போறீங்கன்னா இங்க சேவிங்ஸ் அக்கவுண்ட என்ஆர்ஓவா (வெளிநாட்டுல வாழுற இந்தியருக்கான அக்கவுண்ட்) மாத்தணும், அங்க வருஷத்துல 180 நாளோ அதுக்கு மேலயோ இருந்தா நீங்க கொண்டு வர்ற வருமானத்துக்கு அங்க வரி கணக்கும் உண்டு, 2024-ல இருந்து இத இறுக்கிட்டாங்க. ஆடிட்டர்கிட்ட ஒரு மணி நேரம் ஒக்காந்து பேசுங்க. உங்க வீட்டம்மா வயசும், உங்க பணம் இப்ப எஃப்டில கெடக்கா இல்ல இடமா இருக்கான்னும் கமென்ட்ல போடுங்க, இடமா இருந்தா வித்த பத்திர நகல பத்திரமா வச்சுக்கோங்க, பணம் எங்க இருந்து வந்துச்சுன்னு நம்ம பேங்க்லயே கேட்டாங்க.