மலையில் சிவப்பு, கரையில் சாம்பல் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

பினாங்குக் கொடிமலைச் செம்மண் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். பட்டர்வொர்த் பக்கம் பைலிங் வேலை பார்க்கிறேன். தீவில் மலையை வெட்டினால் செம்மண். எவ்வளவு வெயிலடித்தாலும் பெரிதாக வெடிப்பதில்லை. இங்கே தோண்டினால் சாம்பல் நிறச் சேறு. காய்ந்தால் விரல் நுழையும் அளவுக்குப் பிளக்கிறது. ரிப்போர்ட்டில் இரண்டுமே 'கிளே'தான். தொல்மண்ணின், அதாவது புதைந்துபோன பழங்கால மண்ணின், களிமண்ணை வைத்து அந்தக் காலத்து மழையைச் சொல்லலாம் என்கிறீர்கள். களிமண்ணே பின்னால் மாறியிருந்தால்? தோண்டிப் போட்ட சேற்றில் சில மாதத்தில் மஞ்சள் பூத்திருக்கிறது, அதுவும் மாற்றம்தானா? அதை வீட்டுத் தோட்டத்துக்கு அள்ளிப்போகலாமா?

கு., பட்டர்வொர்த்

அன்புள்ள கு.,

மலையிலிருந்தே வருகிறேன். தீவின் கருங்கல்லில் உள்ள ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமத்தை மழைநீர் மெல்ல அரிக்கிறது. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் ஊரில் பொட்டாசியமும் சோடியமும் தங்குமா? கழுவிக்கொண்டு போய்விடும். மிஞ்சுவது கயோலினைட் என்ற, மெல்லிய தகடுகளாக அடுக்கியிருக்கும் களிமண். வயிற்றுப்போக்குக்கு கிளினிக்கில் ஊற்றிக் கொடுத்த வெள்ளை மருந்தில் இருந்ததும் அதுதான். மண்ணின் சிவப்பு இரும்பால் வந்தது. கயோலினைட்டின் தகடுகளுக்கு நடுவே தண்ணீர் புகாது, அதனால் அது அதிகம் உப்புவதில்லை. உங்கள் கரைச் சேற்றில் கயோலினைட்டோடு இல்லைட், ஸ்மெக்டைட் என்ற வேறு இரண்டு களிமண் வகைகளும் கலந்திருக்கும். ஸ்மெக்டைட்டின் தகடுகளுக்கிடையே தண்ணீர் ஏறும், இறங்கும். பூனையின் கழிப்புத் தட்டுக்கு வாங்குகிற, ஈரம் பட்டால் கட்டியாகும் மணலில் பெரும்பாலும் இருப்பது இதுதான்.

இனி உங்கள் முக்கியமான கேள்வி. ஸ்மெக்டைட் பொட்டாசியத்தைப் பிடித்துக்கொண்டு இல்லைட்டாக மாறும். ஆழத்தில் புதைந்து, 60 முதல் 100 டிகிரியும் அதற்கு மேலும் சூடேறும்போது இது நடப்பதை மெக்சிகோ வளைகுடாக் கரையின் எண்ணெய்க் கிணறுகளில் 1970களிலேயே விரிவாகக் காட்டிவிட்டார்கள். அதிலிருந்து, பழைய பாறையில் இல்லைட்டைப் பார்த்ததும் "ஆழத்தில் வெந்தது" என்று முடிவுகட்டும் பழக்கம் பலருக்கு வந்துவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. உப்பங்கழியில் வெயிலே போதும். நீர் வற்ற வற்ற உப்பு செறிகிறது. தகடுகளுக்கிடையே இருக்கும் பொட்டாசியம் தன்னைச் சுற்றியுள்ள நீரை எளிதில் உதறிவிட்டு, தகட்டின் குழிகளில் கச்சிதமாக உட்கார்ந்துவிடும். மறுபடி மழை பெய்தாலும் அந்த இடைவெளி திறப்பதில்லை. நனைத்து, உலர்த்தி, திரும்ப நனைத்து இதை ஆய்வகத்திலும் செய்து பார்த்திருக்கிறார்கள். மக்னீசியம் மிகுந்த கழியானால் கதையே வேறு. அங்கே செபியோலைட், பாலிகோர்ஸ்கைட் போன்ற மக்னீசியக் களிமண்கள் உருவாகும். தான்சானியாவின் ஓல்டுவாயில் பழைய உப்பேரி சுருங்கிய காலங்களையும் விரிந்த காலங்களையும் களிமண்ணிலுள்ள மக்னீசியத்தின் ஏற்றத்தாழ்வை வைத்துத்தான் பிரிக்கிறார்கள்.

எந்தக் களிமண் என்று ஆய்வகத்தில் எளிதாகத் தெரிந்துவிடும். எக்ஸ்ரேயில் கயோலினைட்டின் அடுக்கு 7 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் ஒரு சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு), இல்லைட் 10. எத்திலீன் கிளைக்கால் என்ற திரவத்தின் ஆவியில் வைத்தால் ஸ்மெக்டைட் மட்டும் 17 வரை விரியும், இல்லைட் அசையாது.

எப்போது மாறியது என்பதுதான் கடினம். ஒன்றன்மேல் ஒன்றாகப் பல தொல்மண்கள் கிடக்கும் இடத்தில், ஒவ்வொன்றின் மேற்பகுதியிலும் இல்லைட் கூடி, கீழே போகப்போகக் குறைந்தால் அது வெயிலின் வேலை என்று நினைக்கலாம். மண் எல்லைகளைச் சட்டை செய்யாமல் ஆழத்தோடு ஒரே சீராகக் கூடிக்கொண்டு போனால் புதைந்தபின் வந்தது. தென்னாப்பிரிக்காவின் ஹெக்போர்ட் தொல்மண்ணுக்கு ஏறக்குறைய 220 கோடி வயது. அதன் தாய்ப்பாறை பசால்ட் என்ற எரிமலைப் பாறை, அதில் பொட்டாசியம் குறைவு. மண்ணிலோ நிறைய இருக்கிறது. பின்னால் வெளியிலிருந்து வந்து சேர்ந்ததாகத்தான் இருக்க வேண்டும். அந்த மண்ணைக் கொண்டு அன்றைய காற்றைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் இந்தக் கணக்கைத் தீர்த்தாக வேண்டும். ஆக, உங்கள் சந்தேகம் சரி. களிமண் சாட்சி சொல்லும். குறுக்கு விசாரணை இல்லாமல் அதை ஏற்கக்கூடாது.

மஞ்சள் பூத்ததும் மாற்றம்தான், அதுவும் படுவேகமானது. பாக்காவ் (அலையாத்திக் காட்டு) சேற்றில், கடல்நீரின் சல்பேட்டிலிருந்து உருவான பைரைட், அதாவது இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம், ஒளிந்திருக்கும். காற்றுப் பட்டதும் அது கந்தக அமிலமாகிறது. வெளிறிய மஞ்சளாக நீங்கள் பார்த்தது பெரும்பாலும் ஜாரோசைட்: இரும்பு, சல்பேட், பொட்டாசியம் சேர்ந்தது. அந்த அமிலம் களிமண் தகடுகளையே அரித்து அலுமினியத்தை வெளியே விடும். வேருக்கு அது விஷம். தோட்டத்துக்கு வேண்டாம். ஏற்கெனவே கொட்டியிருந்தால் பி.எச். (அமில அளவு) பாருங்கள். 4-க்குக் கீழே இருந்தால், கொஞ்சம் சுண்ணாம்பு தூவுவதெல்லாம் கட்டுப்படியாகாது, அள்ளி அப்புறப்படுத்துவதே மேல்.