பெட்டியில் கிடைத்த வெள்ளி ரூபாய்க்கு என்ன விலை?

கேள்வி: மறைந்த மாமனாரின் இரும்புப் பெட்டியைத் திறந்தபோது ராணி தலை, ராஜா தலை போட்ட வெள்ளி ரூபாய்கள் 13, உருது போன்ற எழுத்துள்ள தடித்த வெள்ளிக் காசு ஒன்று, ஒரு பிடி ஓட்டைக் காலணா, டிராக்டர் படம் போட்ட 5 ரூபாய் நோட்டுகள், செல்லாத 500 ரூபாய் நோட்டுகள் 6 ஆகியவை இருந்தன. வாட்ஸ்ஆப்பில் படம் கேட்ட ஒருவர் 11 லட்சம் தருவதாகச் சொன்னார். பதிவுக் கட்டணம் 2,150 ரூபாய் கட்டிவிட்டேன். இப்போது வரி என்று 18,500 கேட்கிறார். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு உதவுமே என்று நகையை அடகு வைக்கப் பார்க்கிறேன். வைக்கலாமா?
வாசகி, குடியாத்தம்

பதில்: வேண்டாம் அம்மா. அந்த நகை வீட்டிலேயே இருக்கட்டும். பொருளை வாங்குகிறவர்தான் பணம் தர வேண்டும். விற்கிறவரிடம் முன்பணம் கேட்பவர் வியாபாரி அல்ல. 18,500 கட்டினால் அடுத்து இன்னொரு பெயரில் இன்னொரு தொகை கேட்பார். இத்தகைய ஆட்கள் ரிசர்வ் வங்கியின் பெயரையும் முத்திரையையும் காட்டி வசூலிக்கிறார்கள் என்பதால், பழைய நோட்டு, நாணயம் வாங்கி விற்பதில் தனக்குத் தொடர்பே இல்லை என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. இன்றே இணையக் குற்றப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்குப் பேசிப் புகார் பதியுங்கள். பணம் அனுப்பிய ரசீதையும் உரையாடலையும் அழித்துவிடாதீர்கள்.

இனி பெட்டிக்கு வருவோம். பழசு என்பதாலேயே விலை கூடிவிடாது. ராஜராஜ சோழன் காலத்துச் செப்புக்காசே சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, ஏனென்றால் அது ஏராளமாகக் கிடைக்கிறது. எத்தனை மிஞ்சியிருக்கின்றன, எந்த நிலையில் இருக்கின்றன, தேடுபவர் எத்தனை பேர் என்ற மூன்றும்தான் விலையைச் சொல்லும். அதனால் டிராக்டர் நோட்டுக்கு லட்சம் என்ற பேச்சை விடுங்கள். அது இன்றும் செல்லும் 5 ரூபாய் நோட்டு. கசங்கியிருந்தால் விலையும் 5 ரூபாய்தான். ஓட்டைக் காலணா 1943 முதல் 1947 வரை கோடிக்கணக்கில் அச்சானது. பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட வைத்துக்கொள்ளுங்கள். 500 ரூபாய் நோட்டுகளை இனி மாற்ற முடியாது. 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி செல்லாத நோட்டுகளை மொத்தம் 10 வரை வைத்திருக்கலாம் என்பதால் உங்கள் 6 நோட்டுகளால் தொல்லை இல்லை.

வெள்ளி ரூபாய்தான் உங்கள் சொத்து. விக்டோரியா, எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ் காலத்து ரூபாய் ஒவ்வொன்றும் ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி, அதாவது ஏறத்தாழ 10.7 கிராம். 1940 முதல் வெள்ளி பாதியாகக் குறைந்தது. விளிம்பைத் திருப்பிப் பாருங்கள். கோடுகளுக்கு நடுவே சுற்றிலும் ஒரு பள்ளம் ஓடினால் அது அந்தப் பாதி வெள்ளி ரூபாய். உள்ளூர்ப் பொற்கொல்லரிடம் எடை போட்டு, அதில் வெள்ளியின் பங்கு எவ்வளவோ அதை மட்டும் அன்றைய வெள்ளி விலையால் பெருக்குங்கள். அந்தத் தொகைக்குக் கீழே யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

அதற்கு மேல் கிடைக்குமா என்பதை ஆண்டு சொல்லும். 1862 என்றிருந்தால் மயங்க வேண்டாம். அதே ஆண்டைப் போட்டே 1874 வரை அச்சடித்தார்கள். 1911 இருந்தால் தனியே எடுத்து வையுங்கள். ஜார்ஜ் மன்னரின் மேலங்கியில் உள்ள குட்டி யானை, தும்பிக்கை குட்டையாகி, பன்றி போலத் தெரிந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அரசு பெரும்பகுதியை உருக்கிவிட்டு 1912இல் தும்பிக்கையைத் திருத்தியது. 1939 இன்னும் அரிது. ஆனால் அதில் போலிகள் அதிகம். நிபுணர் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள்.

அந்தத் தடித்த காசை நான் நேரில் பார்க்க ஆசைப்படுகிறேன். ஆற்காடு ரூபாயாக இருக்கலாம். நம் பக்கத்து ஊரான ஆற்காட்டின் பெயர் இருந்தாலும் பல காசுகளை ஆங்கிலேயர் சென்னையிலும், 1736இல் ஆற்காடு நவாப் தோஸ்த் அலிகானிடம் அனுமதி பெற்ற பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியிலும் அச்சடித்தார்கள். எழுத்து பாரசீகம். பிறைக் குறி இருந்தால் புதுச்சேரி, தாமரை இருந்தால் சென்னை. நூறாண்டு கடந்த நாணயம் தொல்பொருள் என்பதால் வெளிநாட்டுக்கு அனுப்புவது குற்றம்.

ஒரே ஒரு வேண்டுகோள்: பளபளப்பாக்குகிறேன் என்று புளியோ விபூதியோ போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். அந்தக் கருமைதான் அதன் வயதுக்குச் சாட்சி. தேய்த்த காசைச் சேகரிப்பவர்கள் பாதி விலைக்குக்கூடக் கேட்க மாட்டார்கள். நோட்டுகளை லேமினேஷன் செய்வதும் அப்படியே. ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகித உறையில் போட்டு, சென்னையில் நாணயச் சங்கங்கள் நடத்தும் கண்காட்சிக்கு எடுத்துச் சென்று குறைந்தது மூன்று பேரிடம் விலை கேளுங்கள்.

கல்லூரிக் கட்டணத்துக்கு இந்தப் பெட்டியை நம்பியிருக்க வேண்டாம். வங்கிக் கல்விக் கடனில் 4 லட்சம் ரூபாய் வரை ஈடு கேட்பதில்லை. சேர்க்கைக் கடிதத்துடன் இந்த வாரமே உங்கள் வங்கிக் கிளைக்குப் போய் விண்ணப்பியுங்கள்.