மின்சார பக்கி இருக்கட்டும், பழைய பலூன் என்ன ஆச்சு?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்தில் மசாலா மொத்த வியாபாரம் செய்கிறேன். வாரம் ஒருமுறை உள்நாட்டில் லேடிஸ்மித் ஊர் வரை சரக்கு போகும். மாதம் 2,500 கிலோமீட்டர் ஓடும் டீசல் பக்கிக்கு (பின்னால் சரக்கு ஏற்றும் பிக்கப் வண்டி) மாதம் 5,200 ராண்ட் எண்ணெய்ச் செலவு. ஷோரூமில் வேலை பார்க்கும் மச்சான் 790,000 ராண்டுக்கு மின்சார பக்கி எடுக்கச் சொல்கிறார். 88 யூனிட் பேட்டரி, ஒரே சார்ஜில் 330 கிலோமீட்டர் ஓடுமாம், மாதம் 2,800 மிச்சமாம். பழைய வண்டியின் பலூன் (கடன் முடிவில் மொத்தமாகக் கட்ட வேண்டிய தொகை) பாக்கி 110,000ஐயும் புதுக் கடனிலேயே சேர்த்துவிடலாம் என்கிறார். 2019இலும் இதையேதான் செய்தேன். புதுக் கடன் 72 மாதம், 11 சதவீத வட்டி, முடிவில் 30 சதவீத பலூன். கையெழுத்துப் போடலாமா?

பதில்: போடாதீர்கள்.

அந்த 330 பொய்யில்லை. ஆனால் அது சோதனைக்கூடத்தில், லேசான சுமையோடு, சராசரியாக மணிக்கு 50 கிலோமீட்டர்கூட இல்லாத வேகத்தில் எடுத்த கணக்கு. உங்கள் வண்டி மசாலா மூட்டையோடு என்3 நெடுஞ்சாலையில் 110இல் போகும். டர்பனிலிருந்து வழியில் உள்ள மூய் ரிவர் ஊர் போவதற்குள் சுமார் 1,400 மீட்டர் ஏற்றம். மூன்று டன் எடையை அவ்வளவு உயரம் தூக்கவே 12 யூனிட் போய்விடும். இறக்கத்தில் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும், முழுதும் அல்ல. 88 யூனிட் பேட்டரி என்று எழுதியிருக்கிறீர்கள். 15 சதவீதம் கையிருப்பு வைத்து ஓட்டினால் 200 கிலோமீட்டர் வந்தாலே பெரிது. லேடிஸ்மித் போகவே சுமார் 240. ட்ரெய்லர் மாட்டினால் கேட்கவே வேண்டாம். ஃபோர்டு எஃப்-150 லைட்னிங் என்ற மின்சார பக்கியின் பெரிய பேட்டரிக்கு அமெரிக்க அரசு கொடுத்த கணக்கு 515 கிலோமீட்டர். அதுவே பெரிய ட்ரெய்லர் இழுத்த சோதனைகளில் பாதிக்கும் கீழே போனது.

இனி காசு. மாதம் 2,500 கிலோமீட்டர், சார்ஜ் இழப்பும் சேர்த்து 950 யூனிட். வீட்டு மின்சாரம் யூனிட்டுக்கு 3.50 என்று வைத்தால் 3,300 சொச்சம். மிச்சம் 1,900. வழியில் இரட்டை விலைக்குக் கால்பங்கு சார்ஜ் போட்டால் அது சுமார் 1,050 ஆகிவிடும்.

சரி, இப்போது அந்த 110,000. அதை 11 சதவீத வட்டியில் 72 மாதக் கடனில் சேர்த்தால், அதற்கு மட்டும் மாதம் 2,100 கட்ட வேண்டும். அதாவது மின்சாரத்தில் மிஞ்சுவது முழுவதும், விற்றுவிடப் போகும் பழைய வண்டிக்கே போகிறது! உங்களைக் கெடுப்பது டீசலும் அல்ல, பேட்டரியும் அல்ல. ஒவ்வொரு தடவையும் பலூனை அடுத்த வண்டியின் தலையில் கட்டுகிறீர்கள், அதுதான். 2019இலும் இதையேதான் செய்தேன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். புது ஒப்பந்தத்தில் வேறு 30 சதவீத பலூன். 900,000 கடனுக்குத் தவணை 14,500 என்று குறைவாகத் தெரியும், ஆனால் ஆறு வருடம் கழித்து 270,000 கேட்டு நிற்பார்கள். அப்போது மச்சான் எந்த ஷோரூமில் இருப்பாரோ!

வங்கியில் பேசி அந்த 110,000ஐ மட்டும் 24 மாதத் தவணையாக்குங்கள். மாதம் 5,100 வரும், வலிக்கத்தான் செய்யும். டீசல் வண்டியை அதுவரை ஓட்டுங்கள். மச்சானிடம் கடனைக் காரணம் சொல்லுங்கள், குடும்பத்தில் யாரும் கோபிக்க மாட்டார்கள். அதற்கும் மேல் வற்புறுத்தினால், ஷோரூம் வண்டியை ஒரு நாள் கேட்டு வாங்கி, உங்கள் மூட்டைகளை ஏற்றி, அவரையே மூய் ரிவர் வரை ஓட்டச் சொல்லிப் பேட்டரி சதவீதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.