டி செல்லுக்குள் சேதி போகும் வழி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

நோயெதிர்ப்பு வெள்ளணுவான டி செல்லின் மேலிருக்கும் ஏற்பிப் புரதம் வெளியே கிருமித் துண்டைக் கண்டுகொண்டால், செல்லின் உள்ளே உட்கருவுக்கு எப்படித் தெரியும்?
– பிளஸ் டூ மாணவி, கோபிசெட்டிபாளையம்

கொடிவேரியில் திறந்த தண்ணீர் தடப்பள்ளி வாய்க்காலில் மடை மடையாகத் திரும்பித்தானே வயலுக்கு வருகிறது கண்ணு, அப்படித்தான் இதுவும். அந்த ஏற்பிக்குச் சொந்தமாக நொதித் திறன் கிடையாது. மடை திறக்கும் வேலை கைனேஸ்களுடையது. செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து இன்னொரு புரதத்தில் ஒட்டும் நொதிகள் இவை. டி செல்லின் மேற்பரப்பிலுள்ள சிடி4, சிடி8 புரதங்களின் வாலைப் பற்றியிருக்கும் எல்சிகே என்ற கைனேஸ், ஏற்பியோடு சேர்ந்த சிடி3 புரதச் சங்கிலிகளின் டைரோசின் என்ற அமினோ அமிலங்களில் பாஸ்பேட்டை ஒட்டும். ஒட்டிய இடத்தில் ஜாப்-70 என்ற இன்னொரு கைனேஸ் வந்து உட்காரும்; அதையும் எல்சிகேதான் முடுக்கிவிடும். ஜாப்-70 அடுத்து எல்ஏடி என்ற புரதத்தில் பாஸ்பேட் ஒட்டும். அங்கிருந்து வழி பிரியும்: கால்சியம் ஒரு பக்கம், இஆர்கே என்ற கைனேஸ் ஒரு பக்கம், பிகேசி-தீட்டா என்ற கைனேஸ் ஒரு பக்கம். மூன்று வழிச் சேதியும் உட்கருவில் போய்ச் சேர்ந்து, டி செல்களைப் பெருகச் செய்யும் ஐஎல்-2 மரபணுவை எழுப்பும். எனக்கு இன்றும் வியப்பு, முதல் பாஸ்பேட்டுகள் சில நொடிகளிலேயே ஒட்டிவிடுகின்றன!

தம்பிக்குச் சிறுநீரக மாற்று ஆகியிருக்கிறது. மாற்றுறுப்பை உடல் நிராகரிக்காமலிருக்கத் தரும் டாக்ரோலிமஸ், கைனேஸைத் தடுக்கும் மருந்தா?
– விசைத்தறி உரிமையாளர், சோமனூர்

இல்லைங்க. டி செல்லுக்குள் கால்சியம் ஏறியதும் கால்சிநியூரின் வேலையைத் தொடங்கும். அது பாஸ்பேட்டை எடுக்கும் நொதி. எடுத்தால்தான் மரபணுவை எழுப்பும் என்எஃப்ஏடி என்ற புரதம் உட்கருவுக்குள் நுழையும். டாக்ரோலிமஸ் தடுப்பது கால்சிநியூரினைத்தான். சில ஆன்டிபயாடிக்குகள் ரத்தத்தில் இம்மருந்தின் அளவை ஏற்றிவிடும். மருத்துவரைக் கேட்காமல் தம்பிக்குக் கடையில் எதுவும் வாங்கித் தராதீர்கள்.

மஞ்சள் டி செல்லைத் தூண்டுமா?
– ஈரோடு வாசகர்

மஞ்சளில் உள்ள குர்குமின் ஆய்வகத்தில் சில கைனேஸ்களைத் தடுக்கத்தான் செய்கிறது. குடலில் அது மிகக் குறைவாகவே உறிஞ்சப்படும். குழம்புக்குப் போடுங்க, போதும்.

குழந்தைக்கு அடிக்கடி நிமோனியா. ஜாப்-70 குறைபாடு இருக்கலாம் என்கிறார்கள். நான் மாமன் மகளைக் கட்டியவன்.
– பொள்ளாச்சி

இது அரிய நோய். பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் வரும். உங்கள் இருவர் மேலும் குற்றமில்லை. ஜாப்-70 இல்லாவிட்டால் சிடி8 புரதம் கொண்ட டி செல்கள் ஏறக்குறைய இல்லாமலே போகும். சிடி4 செல்கள் எண்ணிக்கையில் சரியாகவே இருக்கும், ஆனால் சேதி உள்ளே போகாது. அதனால் மொத்த வெள்ளணுக்கணக்கை மட்டும் பார்த்து ஆறுதல் அடையாதீர்கள். சிடி4, சிடி8 தனித்தனியாக எண்ணும் ஃப்ளோ சைட்டோமெட்ரியும், மரபணுப் பரிசோதனையும் கேளுங்கள். உறுதியானால் எலும்பு மஜ்ஜை மாற்றுதான் தீர்வு. அதுவரை போலியோ, ரோட்டா சொட்டு மருந்து போன்ற உயிருள்ள தடுப்பு மருந்து எதையும் நிபுணரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.